போத்தல் மேல ரெண்டு பேரு

கலா: கதவையே பாக்காதீங்க. ஓடப் போறவன் மாதிரி இருக்கு.

சுரேந்திரன்: கதவை எங்க பாத்தேன்? ஃபேனைப் பாத்தேன். நின்னுடுச்சு.

கலா: கரண்டு போனா நிக்கத்தான் செய்யும். ஜெனரேட்டர் போடுவாங்க. உக்காருங்க.

சுரேந்திரன்: நம்ம டோக்கன் என்ன?

கலா: நாப்பத்தொண்ணு.

சுரேந்திரன்: இப்ப எது ஓடுது?

கலா: இப்பத்தானே கேட்டீங்க! முப்பத்தஞ்சு. அப்பவும் முப்பத்தஞ்சு, இப்பவும் முப்பத்தஞ்சு.

சுரேந்திரன்: இருட்டோட கெளம்பினேன் கியாக்தான்ல இருந்து. பஸ்ல நின்னுக்கிட்டே வந்தேன். பாலத்து மேல ஒரே நெரிசல். இங்க வந்தா, வரி நம்பர் வாங்க மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையே பெஞ்சு பெஞ்சா உக்காந்திருக்கு...

கலா: வந்ததுக்கு ரொம்ப சந்தோஷம், கோ தன் ஸோ.

சுரேந்திரன்: ...அது என்ன, கோ தன் ஸோ?

கலா: அடையாளக் கார்டுல அதானே உங்க பர்மாப் பேரு.

சுரேந்திரன்: கார்டுல இருக்கும். சுரேந்திரன்னு ஒரு பேரும் இருக்கு. நீ ரெண்டும் சொல்ல மாட்ட. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து 'என்னங்க'தான்.

கலா: 'என்னங்க'ன்னு கூப்பிட்டா திரும்பிப் பாக்க ஒரு ஆளு வேணுமில்ல? எட்டு மாசமா வீட்டுல சுவருதான் இருக்கு. சுவரைப் போய் 'என்னங்க'ன்னு கூப்பிட்டா அக்கம்பக்கத்துல என்ன நெனைப்பாங்க?

சுரேந்திரன்: ம்... பஸ் நிறுத்தத்துக்கு வந்து நின்னப்ப ஒரு வார்த்தை பேசல. இங்க வந்து வாய் தொறக்குது.

கலா: வழி தெரியாம நீங்க திரும்பிப் போயிடுவீங்கன்னுதான் வந்து நின்னேன். வேற ஒண்ணுமில்ல.

சுரேந்திரன்: பொறந்து வளந்த எடத்துல எனக்கு வழி தெரியாதாக்கும்.

கலா: ஆபீசுக்கு வழி தெரியாது. உங்க பரம்பரைக்கே தெரியாது... அந்தப் பையை ஏன் மடியிலேயே வச்சிருக்கீங்க? கொழந்தையா அது? கீழ வைங்க.

சுரேந்திரன்: இருக்கட்டும்.

கலா: என்ன இருக்கு அதுல?

சுரேந்திரன்: அது... எறா. காஞ்ச எறா. அண்ணன் குடுத்து விட்டாரு.

கலா: எறாவா...

சுரேந்திரன்: ஆமா. பாலாச்சாங் தொக்குக்கு வேணுமில்ல உனக்கு?

கலா: வேணும். எறா இல்லாம என்னத்த வறுக்கிறது? சரி, மடியிலேயே வச்சுக்குங்க.

சுரேந்திரன்: கலா.

கலா: முப்பத்தஞ்சு.

சுரேந்திரன்: அது இல்ல. நெசமாவே ரெண்டு பேரும் வரணும்னு சொன்னாங்களா?

கலா: எத்தன தடவை கேப்பீங்க? போன்லயும் சொன்னேன், பஸ் நிறுத்தத்துலயும் சொன்னேன்...

சுரேந்திரன்: பஸ் நிறுத்தத்துல நீ பேசல.

கலா: அப்ப போன்ல ரெண்டு தடவை சொன்னேன். போத்தல் மேல என்ன போட்டிருக்கு? 'கோ தன் ஸோ - மா கின் லா பாலாச்சாங்'. கோ தன் ஸோ நீங்க, மா கின் லா நானு. ரெண்டு பேரு ஒட்டின சரக்குன்னா ரெண்டு பேரும் நேர்ல வந்து கையெழுத்துப் போடணுமாம். சன்னல்ல இருக்கற அம்மா சொன்னாங்க.

சுரேந்திரன்: இந்த ஊருல எந்தக் கடைக்குத்தான் புருஷன் பொஞ்சாதி பேரு இல்ல? புத்தர் கோயிலுக்கு ஒரு செங்கல் குடுத்தாக்கூட ரெண்டு பேரையும் சேத்துத்தான் கல்லுல வெட்டறாங்க.

கலா: அந்தப் பேரை வச்சது யாரு? நான் 'மாரியம்மன் பாலாச்சாங்'னுதானே சொன்னேன்?

சுரேந்திரன்: ஆத்தா படத்தை ஒட்டி எறாவும் ங்கபி மீன் விழுதும் விப்பியா நீ? ஆடி மாசம் கோயில் வாசல்ல கூழு கூட ஊத்த மாட்டாங்க நமக்கு.

கலா: சிரிக்காதீங்க. சிரிச்சா எல்லாம் மறந்து போயிடும்னு நெனைக்காதீங்க.

சுரேந்திரன்: நீதான் சிரிக்கற.

கலா: நான் சிரிக்கல. வேர்க்குது... முப்பத்தாறு! பாத்தீங்களா, நகருது.

சுரேந்திரன்: இன்னிக்கே வாங்கணுமா? நாளைக்கு வந்தா ஆகாதா?

கலா: ஆகாது. சூப்பர்மார்க்கெட்டுல சரக்கு எடுக்கற பொண்ணு கறாரா சொல்லிட்டா. சாயங்காலத்துக்குள்ள வரி நம்பரை அனுப்பினா எங்க எல்லாக் கிளையிலயும் ஒரு தட்டு உங்களுக்கு, இல்லேன்னா பகோ ஊர்க்காரன் ஒருத்தன் காத்துக்கிட்டிருக்கான்னு. அவன் பாலாச்சாங்குல எறாவைத் தேடணும். வெறும் வெங்காயம்.

சுரேந்திரன்: தெருவுல மேசை போட்டு வித்தப்ப நல்லாத்தானே போச்சு.

கலா: ஆரம்பிச்சிட்டீங்களா?

சுரேந்திரன்: ஒண்ணும் ஆரம்பிக்கல.

கலா: மழை வந்தா மேசையைத் தூக்கு. ரோட்டை விரிவாக்கினா மேசையைத் தூக்கு. எவனாவது சீழ்க்கை அடிச்சா மேசையைத் தூக்கு. நான் போத்தல் விக்க வந்தேனா, மேசை தூக்க வந்தேனா? அதுவும் ஒத்த ஆளா...

சுரேந்திரன்: அப்பா சொல்லுவாரு. 'ஆபீசுல ஒன் பேரு தூங்கிட்டிருந்தா தட்டி எழுப்பாதே'ன்னு.

கலா: அந்த ஒத்தை வார்த்தைக்காகத்தானே பொட்டியைத் தூக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனீங்க?

சுரேந்திரன்: அதுக்காக இல்ல.

கலா: வேற எதுக்காம்? நான் வரி நம்பர் வாங்கலாம்னேன். நீங்க 'என் பேரு எந்த ஆபீசுலயும் ஏறக் கூடாது'ன்னு குதிச்சீங்க. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயி. அப்ப உங்க பேரைப் போத்தல்லேர்ந்தே கிழிச்சுடறேன்னேன்...

சுரேந்திரன்: அதுக்காகத்தான் போனேன்.

கலா: எதுக்காக?

சுரேந்திரன்: கிழிக்கறேன்னு சொன்ன பாரு. அதுக்காக.

கலா: ...கோவத்துல சொல்றதுதானே.

சுரேந்திரன்: கிழிச்சியா?

கலா: என்ன?

சுரேந்திரன்: என் பேரை. கிழிச்சியான்னு கேக்கறேன்.

கலா: லேபிள் மூட்டை மூட்டையா அடிச்சு வச்சது. வீணாக்க முடியுமா?

சுரேந்திரன்: அதானா காரணம்?

கலா: அதேதான்.

சுரேந்திரன்: சரி... வீட்டுல எல்லாம் எப்படி இருக்கு?

கலா: இருக்கு. வீட்டுல நடக்க எடமில்ல. கூடம் பூரா போத்தல்.

சுரேந்திரன்: என் துணி வைக்கற அலமாரித் தட்டு?

கலா: அதுலயும் போத்தல்தான். காலியாக் கெடக்கற எடத்தை என்ன பண்றது, வெளக்கு ஏத்தி வைக்கவா?

சுரேந்திரன்: ...நல்லது.

கலா: மொகத்தைத் தூக்காதீங்க. இந்தாங்க, பாரத்தைச் சரி பாருங்க. உங்களுதையும் நானே எழுதிட்டேன். கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்.

சுரேந்திரன்: குடு... கலா, அப்பா பேருன்னு என்ன எழுதியிருக்க?

கலா: மாணிக்கம். பின்ன?

சுரேந்திரன்: மாணிக்கம் கோயில் பத்திரிகையில. என் கார்டுல ஊ பா மௌங்.

கலா: ஐயோ...

சுரேந்திரன்: உன் அப்பா பேரு?

கலா: அது... முனியாண்டின்னு எழுதிட்டேன். கார்டுல ஊ லா தின். அட என் புத்தியே! கல்யாணத்துக்கு எழுதின மாதிரியே எழுதித் தொலைச்சிருக்கேன்.

சுரேந்திரன்: மாப்பிள்ளை பேரு, பொண்ணு பேரு, ரெண்டு தகப்பன் பேரு... முகூர்த்தம் எத்தன மணிக்குன்னு போடலியா?

கலா: வெளையாடாதீங்க! அழிச்சு எழுதினா வாங்க மாட்டாங்க. புதுப் பாரம் வேணும். முப்பத்தெட்டு ஆயிடுச்சு!

மைமூன்: தங்கச்சி, பாரம்தானே? எங்கிட்ட கூடுதலா இருக்கு. புடி. நானும் ரெண்டு தடவை கெடுத்துட்டுத்தான் மூணாவது எழுதினேன்.

கலா: ரொம்ப உதவி, அக்கா. தமிழா நீங்க?

மைமூன்: பின்ன? நீங்க சண்டை போடறதைக் கேட்டுக்கிட்டேதானே உக்காந்திருக்கேன். பொழுது நல்லாப் போச்சு. மைமூன் என் பேரு. ரயில் ரோட்டோரம் டான்பவுக் கடை. வாசல்லயே பெரிய பிரியாணி அண்டா இருக்குமே, தெரியாது?

சுரேந்திரன்: இனாயத்துல்லா - மைமூன் கடையா? தெரியாம என்ன! கோழிக்கால் அங்கதான் முழுசா வைப்பாங்க.

மைமூன்: வாயில சர்க்கரை போடணும் தம்பிக்கு. அந்த மைமூன்தான் நானு. தங்கச்சி, நீ எழுது எழுது. கோடு தாண்டிப் போகுது பாரு.

கலா: கரண்டு இல்லாம கண்ணு தெரியல, அக்கா.

மைமூன்: தம்பி, மடியில என்ன பொதி? பொன்னா?

சுரேந்திரன்: எறா, அக்கா. காஞ்ச எறா.

மைமூன்: எறாவா? இவ்வளவு பக்கத்துல உக்காந்திருக்கேன், என் மூக்குக்கு ஒண்ணும் எட்டலியே!

சுரேந்திரன்: அது... நல்லா இறுக்கிக் கட்டியிருக்கு.

மைமூன்: என்னதான் கட்டினாலும் காஞ்ச எறா தெருக்கோடி வரைக்கும் ஆள் அனுப்புமே...

கலா: உங்களுக்கு ஜலதோஷமா இருக்கும், அக்கா. இந்த மழைக்கு எல்லாருக்கும் மூக்கு அடைச்சுக்கிட்டுத்தான் கெடக்கு.

மைமூன்: எனக்கா? நேத்து அண்டாவுல கிராம்பு ஒண்ணு கொறைஞ்சதை வாசல்லேர்ந்து சொன்னவ நான். சரி, உன் எறா உன்கூட. வயசாயிடுச்சு, மூக்கும் போச்சு போல.

கலா: இருங்க, போன் அடிக்குது... ஆமா, சொல்லுங்க. ஆபீசுலதான் இருக்கேன். இல்ல இல்ல, இன்னிக்கே அனுப்பிடறேன். கூட்டம் ஜாஸ்தி, கரண்டு வேற... அவருக்குக் குடுத்துடாதீங்க, கெஞ்சிக் கேக்கறேன். ரெண்டு நம்பர்தான் இருக்கு எனக்கு முன்னால. சரி. சரி. வச்சிடறேன்.

சுரேந்திரன்: என்னவாம்?

கலா: அந்த பகோ-க்காரன் சூப்பர்மார்க்கெட் வாசல்லயே வந்து நிக்கிறானாம், போத்தலோட.

மைமூன்: நிக்கட்டும். இன்னும் கொஞ்ச நேரந்தானே? ஆமா, தம்பி எதுக்கு வேலையைக் கெடுத்துக்கிட்டு வந்திருக்கு? தொணைக்கா?

சுரேந்திரன்: கையெழுத்துப் போட, அக்கா.

மைமூன்: என்ன கையெழுத்து?

கலா: அக்கா, இந்த ரெண்டாவது கட்டத்துல என்ன எழுதணும்?

மைமூன்: வீட்டு விலாசம். ஏன் தம்பி, யாரு பேர்ல எடுக்கறீங்களோ அவங்க ஒருத்தர் வந்தாப் போதுமே? எங்க கடைக்கும்தான் ரெண்டு பேரு. எங்க வீட்டுக்காரரு முட்டி வலின்னு கட்டில்ல படுத்துக்கிட்டு டீவி பாக்கறாரு. என் கார்டு ஒண்ணுதான் கேட்டாங்க. போர்டுல ஆயிரம் பேரு இருக்கலாம், நம்பருக்கு ஒரு ஆளு...

கலா: அக்கா! முப்பத்தொம்பது போயிடுச்சு, உங்களைத்தான் கூப்பிடுவாங்க அடுத்து!

மைமூன்: கூப்பிடட்டும். நான் சொல்றது என்னன்னா, தங்கச்சி, யாரோ உனக்குத் தப்பாச் சொல்லி...

சுரேந்திரன்: எங்களுது வேற மாதிரி, அக்கா.

மைமூன்: என்ன வேற மாதிரி?

சுரேந்திரன்: அது... நான் கியாக்தான்ல இருக்கேன், இவ இங்க இருக்கா. அதனால ரெண்டு பேரும் வரணுமாம். சன்னல்ல சொல்லிட்டாங்க.

மைமூன்: ஓ... நீ அங்க, இவ இங்கியா. அதான் சண்டையில இவ்வளவு உப்பா... அல்லா, என்னைக் கூப்பிடறாங்க! வரேன். எறாவைப் பத்திரமாப் பாத்துக்க, தம்பி.

கலா: விலாசத்துல தெரு நம்பரை மொதல்ல எழுதறதா, வீட்டு நம்பரை மொதல்ல எழுதறதா?

சுரேந்திரன்: வீட்டு நம்பர்.

கலா: இந்தப் பேனா வேற...

சுரேந்திரன்: கலா.

கலா: அவங்க கடை வேற மாதிரியா இருக்கும். சமைச்சு விக்கறது வேற, போத்தல்ல அடைச்சு விக்கறது வேற.

சுரேந்திரன்: டான்பவுக்குக்கு ஒரு சட்டம், பாலாச்சாங்குக்கு ஒரு சட்டமா?

கலா: இருக்கலாம். எனக்கென்ன தெரியும்? நான் என்ன ஆபீசரா?

சுரேந்திரன்: நான் கேட்டேனா? நீயா சொல்ற.

கலா: நீங்க ஏன் அந்தக்காகிட்ட அப்படிச் சொன்னீங்க? சன்னல்ல சொன்னாங்கன்னு?

சுரேந்திரன்: நீ சொன்னதைத்தானே நான் சொன்னேன்.

கலா: ...சரி. போதும். காலைலேர்ந்து ஒரு லபெயே டீ கூடக் குடிக்கல. இந்தப் பொய்யை வச்சுக்கிட்டு இனிமே ஒரு நிமிஷம் உக்கார முடியாது என்னால.

சுரேந்திரன்: என்ன பொய்யி?

கலா: ரெண்டு பேரும் வரணும்னு யாரும் சொல்லல. போதுமா? என் கார்டு ஒண்ணு போதும்னாங்க. நானாத்தான் சொன்னேன். வேற எப்படிக் கூப்பிடறது? 'வாங்க'ன்னு சொல்ல எனக்கு நாக்கு வரல. நீங்களும் ஒரு போன் பண்ணிக் 'கலா, எப்படி இருக்க'ன்னு கேக்கல. ஆபீசு கூப்பிடுதுன்னா பயந்துக்கிட்டாவது வருவீங்கன்னு... உங்க பயத்தை வச்சே உங்களை இழுத்துட்டேன். தப்புதான்.

சுரேந்திரன்: கலா, நான்...

கலா: எந்திரிச்சுப் போங்க. உங்க பேரை எழுத வேணாம். கையெழுத்தும் வேணாம். என் பேர்லயே வாங்கிக்கறேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னா கியாக்தான் பஸ்ஸு வரும். போத்தல்ல உங்க பேரு இருக்கட்டும்... நான் கிழிக்க மாட்டேன். அதை மட்டும் கேக்காதீங்க.

சுரேந்திரன்: எனக்குத் தெரியும்.

கலா: என்ன தெரியும்?

சுரேந்திரன்: உன் கார்டு ஒண்ணு போதும்னு.

கலா: அந்தக்கா இப்பச் சொன்னதைக் கேட்டுட்டு...

சுரேந்திரன்: இல்ல. நீ போன் பண்ணின மக்கா நாளே நான் இங்க வந்தேன்.

கலா: இங்கன்னா?

சுரேந்திரன்: இந்த ஆபீசுக்கு. இதே பெஞ்சி. டோக்கன் எடுத்தேன்.

கலா: நீங்களா? ஒத்தையிலயா? ஆபீசு வாசப்படி ஏறினீங்களா?

சுரேந்திரன்: மூணு தடவை வாசல் வரைக்கும் வந்து வெத்தலைக் கடைக்குத் திரும்பிப் போனேன். வெத்தலைக்காரன் 'ஊலே, பெரியவரே, உங்களுக்கு வெத்தலை வேணுமா தைரியம் வேணுமா'ன்னு கேட்டான். அப்புறம்தான் ஏறினேன். சன்னல்ல அந்தம்மா என்னை ஒண்ணும் கடிக்கல. 'வீட்டம்மா மட்டும் வந்தாப் போதுமே, நீங்க எதுக்கு'ன்னாங்க.

கலா: அப்ப... தெரிஞ்சும் ஏன் வந்தீங்க? விடியறதுக்கு முன்னால? நின்னுக்கிட்டே?

சுரேந்திரன்: வேணாம்னு சொல்ற எடத்துக்கு யாரு நின்னுக்கிட்டு வருவா? நீயே யோசி.

கலா: அப்ப காலைலேர்ந்து 'நெசமாவா நெசமாவா'ன்னு என்னைக் கொடைஞ்சது?

சுரேந்திரன்: நீயா உண்மையைச் சொல்லுவியான்னு பாத்தேன். அந்தக்கா வராட்டி கடைசி வரைக்கும் சொல்லியிருக்க மாட்ட, ராங்கி.

கலா: நான் ராங்கியா? நீங்க...

சுரேந்திரன்: இரு, முடிச்சுடறேன். அந்தம்மாகிட்ட இன்னொண்ணும் கேட்டேன். ரெண்டு பேரு பேர்லயும் வாங்க முடியுமான்னு. கூட்டுத் தொழில்னு பதிஞ்சா முடியுமாம். உனக்குச் சம்மதம்னா சன்னல்ல நானே சொல்றேன், கோ தன் ஸோவையும் எழுதிக்குங்கன்னு. போத்தல்ல இருக்கற பேரு ஆபீசுலயும் இருந்துட்டுப் போகட்டும்.

கலா: அதுக்கு நாளாகுமா? இன்னிக்கு நம்பர் அனுப்பலேன்னா...

சுரேந்திரன்: அதையும் கேட்டேன். இன்னிக்கு உன் பேர்ல வாங்கி அனுப்பு. என் பேரை அப்புறமா சேத்துக்கலாமாம். பகோ-க்காரன் வெங்காயத்தோட ஊருக்குப் போகட்டும்.

கலா: மாமா சொன்னது? தூங்கற பேரைத் தட்டி எழுப்பாதேன்னு?

சுரேந்திரன்: எட்டு மாசம் அண்ணன் வீட்டுத் திண்ணையில படுத்தேன், கலா. ஒரு ராத்திரி நல்லாத் தூங்கினேன்னு நெனைக்கற? பேரு மட்டும் எதுக்குத் தூங்கணும்?

கலா: ...எல்லாரும் பாக்கறாங்க. அழ வைக்காதீங்க.

சுரேந்திரன்: வேர்க்குதுன்னு சொல்லிடு.

மைமூன்: தங்கச்சி! வாங்கிட்டேன், நம்பரு வாங்கிட்டேன்! என்ன இது, ஒருத்தர் மொகம் சிவப்பா இருக்கு, ஒருத்தர் மொகம் ஈரமா இருக்கு? போங்க போங்க, நாப்பத்தொண்ணு கூப்பிடறாங்க! முடிச்சிட்டு ரெண்டு பேரும் நம்ம கடைக்கு வாங்க, கோழிக்கால் எடுத்து வைக்கறேன்.

சுரேந்திரன்: வரோம், அக்கா... கலா, ஒரு நிமிஷம். இன்னொண்ணு இருக்கு.

கலா: சன்னலுக்குப் போயிட்டுச் சொல்லுங்க.

சுரேந்திரன்: இல்ல, இப்பவே சொல்லிடறேன். பையில எறா இல்ல. என் ரெண்டு லோஞ்சிக் கைலியும் சட்டையுந்தான்.

கலா: என்னங்க, நாளெல்லாம் எறாவுல மூக்கை வச்சுப் பொழைக்கறவ நான், நீங்க பஸ்ஸை விட்டு எறங்கினப்பவே தெரியும். உங்க அலமாரித் தட்டுல இருந்த போத்தலையெல்லாம் நேத்தே எறக்கித் தொடைச்சு வச்சுட்டேன். எந்திரிங்க.